எரியுது, அரிக்குது, உள்ளே போகலை: அந்தரங்கச் சாதனம் ஒத்துக்கொள்ளாதபோது எங்கே தேடுவது

மதுரையில் சித்திரை பிறந்து வெயில் ஏறினால் எங்கள் தெருவில் சில பெண்கள் நடையை மாற்றிக்கொள்வார்கள். தொடை உரசாமல், கொஞ்சம் அகட்டி. கேட்டால் "சூடு" என்பார்கள். நானும் பல வருஷம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே குடியிருந்தேன். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன். அவை ஒரு கெடுதலும் செய்யவில்லை, எரிச்சலையும் தொடவில்லை. "இன்னொரு பிள்ளை பெத்துக்கிட்டா சரியாயிரும்" என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பினார். பிறகு பார்த்த இன்னொரு மருத்துவர் பஞ்சுக் குச்சியால் யோனி வாசலைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "இங்கயா? இங்கயா?" என்று பொறுமையாகக் கேட்டார். இதற்கு வெஸ்டிபுலோடினியா என்று பெயர், நீங்கள் கற்பனை செய்யவில்லை என்றார். வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததற்கே அன்று அழுதேன்.

அதிர்வில் சுகம் தரும் வைப்ரேட்டரோ, யோனி வாசலைப் படிப்படியாகப் பழக்கும் டைலேட்டரோ, "மசாஜர்" என்று போட்டு விற்கும் பொருளோ ஆசைப்பட்டு வாங்கி, முதல் தடவையே எரிந்து, "என் உடம்புதான் கோளாறு" என்று பீரோ அடியில் தள்ளிவிட்ட பெண்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் வந்து பேசியவர்களில் பலருக்கும் கோளாறு உடம்பில் இல்லை. ஜெல்லில் இருந்தது, பொருளின் ஒட்டுவரையில் இருந்தது, கழுவிய சோப்பில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. புது ஜெல், புதுச் சாதனம், புது சோப்பு மூன்றையும் ஒரே ராத்திரியில் ஆரம்பித்தால் எது எரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அதில்தான். பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பேன். லேசான எரிச்சலுக்கு ஒரு புள்ளி, உட்கார முடியாவிட்டால் மூன்று. பக்கத்தில் ஓர் எழுத்து: ஜெ என்றால் புது ஜெல், சா என்றால் சாதனம், சோ என்றால் சோப்பு. வீட்டில் இதுவரை ஒருவரும் அது என்ன என்று கேட்டதில்லை. மூன்று மாதத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் எதைத் தொட்டாலும் எனக்குப் புள்ளி கூடுகிறது என்று தெரிந்தது. அந்த வாரத்தில் இப்போது நான் எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் பகுதி முழுவதையும் வல்வா என்கிறார்கள். வெளி உதடு, உள் உதடு, கிளிட்டோரிஸ், யோனி வாசல் எல்லாம் அதற்குள் வரும். யோனி என்பது உள்ளே போகும் பாதை மட்டும். மருத்துவரிடம் "கீழ எரியுது" என்பதற்குப் பதில் "வாசல்ல, கீழ்ப்பக்கம்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாதனப் பேச்சுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

தோல் வெளுத்து, மெலிந்து, காகிதம் கசங்கியதுபோல் ஆகி ராத்திரியில் அரிப்பு தூங்கவிடவில்லை என்றால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன அளவில் தடவ வேண்டும், வருஷாவருஷம் காட்டிக்கொள்ளவும் வேண்டும். அந்தத் தோல் உரசலில் கிழியும். கட்டுக்குள் வரும்வரை எந்தச் சாதனமும் வேண்டாம். ஆறாத புண், கொப்புளம், தயிர் திரிந்ததுபோல் வெள்ளைப்படுதல், மீன் வாடை, மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம், இவற்றுக்கும் அதேதான். மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்து வேறு காரணம் எதுவும் தட்டுப்படாவிட்டால் வல்வோடினியா என்பார்கள். என் பிரச்சினை அதில் ஒரு வகை.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் மகப்பேறு, தோல் இரண்டு துறையும் இருக்கின்றன. இந்த இடத்தைத் தோல் மருத்துவரிடமும் காட்டலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. சாதனம் பயன்படுத்தியதில் வந்த எரிச்சல் என்றால் அதையும் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

"தடவின நிமிஷமே எரியுது"

சாதனத்தைத் தொடுமுன்னே ஜெல்லிலேயே எரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வெயிலில் வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே வேலையைத்தான் அடர்த்தி கூடிய ஜெல் மெல்லிய தோலில் செய்கிறது. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் நிறையச் சேர்த்த ஜெல் செல்களிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும். நல்ல தோலுக்கு அது பெரிதாகத் தெரியாது. நம் போன்றவர்களுக்கு மிளகாய் பட்டதுபோல் இருக்கும். இந்த அடர்த்திக்கு ஆஸ்மோலாலிட்டி என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பில் கிலோவுக்கு 380 மில்லிஆஸ்மோலுக்குள் இருப்பது உத்தமம், 1200-ஐத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. புளிப்பைக் காட்டும் அளவான பிஹெச் 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது அதே குறிப்பு. யோனியின் இயல்பான பிஹெச் 3.8 முதல் 4.5 வரை, நம் வீட்டுத் தயிரின் புளிப்புக்குப் பக்கம். சில தயாரிப்பாளர்கள் இந்த இரண்டு எண்களையும் பெட்டியிலோ தங்கள் தளத்திலோ போடுகிறார்கள். போடாதவர்களிடம் மின்னஞ்சலில் கேட்கலாம். பதில் சொல்லாத நிறுவனத்தின் ஜெல்லை நான் வாங்குவதில்லை.

எண் கிடைக்காவிட்டால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்தால் தள்ளிவையுங்கள். "வார்மிங்", "கூலிங்", "டிங்கிளிங்" என்று அட்டையில் இருந்தால் உள்ளே மென்தாலோ காரமோ இருக்கலாம், கையால் தொடவே வேண்டாம். ஸ்ட்ராபெரி வாசனையும் அப்படியே. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை வலிக்கு மருந்து என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் வரும் பென்சோகெய்ன் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. அதைவிடப் பெரிய ஆபத்து, "போதும் நிறுத்து" என்று சொல்லும் வலியையே அது வாயடைத்துவிடும். மருத்துவர் எழுதித் தரும் லிடோகெய்ன் களிம்பு வேறு கதை. அதற்கு அளவும் நேரமும் அவர் சொல்வார்.

தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெய் பலருக்கு எரிவதில்லை, எனக்கும் எரிவதில்லை. ஆனால் லேடெக்ஸ் ஆணுறையை எண்ணெய் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். ஆணுறை இருக்கும் இடத்தில் எண்ணெய் கூடாது. அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருகிறவர்களும் ஜாக்கிரதையாக இருங்கள். சிலிக்கோன் ஜெல்லில் சேர்மானம் குறைவு, எரிவதும் குறைவு. ஆனால் சிலிக்கோன் சாதனத்தின் மேல் சிலிக்கோன் ஜெல் பட்டால் மேற்பரப்பு கெட்டுப் பிசுபிசுக்கலாம். கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் அது சரி. சிலிக்கோனுக்கு நீர் கலந்த ஜெல்.

சோதிக்கும் முறை: முதல் நாள் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி, இரண்டு நாள் பொறுங்கள். கைத்தோலைவிட வல்வாவின் தோல் எதையும் வேகமாக உள்ளே விடும் என்பதால் கையில் தேறினால் மட்டும் போதாது. அடுத்து வெளி உதட்டில் பயறளவு. ஒரு நாள் கழித்து உள் உதட்டில். மூன்றையும் தாண்டின ஜெல்தான் சாதனத்துக்கு. பொறுமை வேண்டிய வேலை. ஆனால் ஒரு தடவை தேறிவிட்டால் வருஷக்கணக்கில் கவலை இல்லை.

"அன்னைக்கு ஒண்ணுமில்ல, மறுநாள் அரிப்பும் தடிப்பும்"

தாமதமாக வரும் அரிப்பு என்றால் ஒவ்வாமையைச் சந்தேகப்படுங்கள். தொடு ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும். அதனால்தான் புள்ளி வைக்கும் காலண்டர்.

நான் முதலில் வாங்கியது ரோஸ் நிறத்தில் ஜெல்லி போன்ற ஒரு பொருள். விலை மலிவு. உறையைப் பிரித்ததும் புது ரெயின்கோட்டின் வாடை அறை முழுக்க அடித்தது. கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். மூன்று நாள் மொட்டைமாடியில் துணிக்குள் சுற்றி வைத்தும் போகவில்லை. அந்த வாடை பொருளுக்குள்ளிருந்தே வருகிறது. மெத்தென்று இருக்க வேண்டும் என்று பிவிசி பிளாஸ்டிக்கில் சேர்க்கும் தாலேட் போன்ற ரசாயனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2006-ல் இத்தகைய பொருட்களைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து தாலேட்டுகள் இருப்பதைப் பதிவுசெய்தது. ஆகவே முதல் பரிசோதனை மூக்குதான். வாடை அடித்தால் உடம்பில் வைக்காதீர்கள்.

நமக்கு ஆகிவரும் பொருட்கள் நான்கு: முழுச் சிலிக்கோன், போரோசிலிகேட் கண்ணாடி, 316 தர எவர்சில்வர், ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். இவற்றில் நுண்துளை இல்லை, எதையும் உறிஞ்சாது. டிபிஇ, டிபிஆர், "ரியல் ஃபீல்", "ஜெல்லி" என்று போட்டிருப்பவற்றில் நுண்துளை உண்டு. என்னதான் கழுவினாலும் உள்ளே கிருமி தங்கும். "சிலிக்கோன் போன்ற" என்று எழுதியிருந்தால் அது சிலிக்கோன் இல்லை. 2021-ல் இந்தப் பொருட்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரம் வந்தது. அதைப் பின்பற்றுவதாகச் சொல்லும் நிறுவனம் குறைந்தபட்சம் இதைப் பற்றி யோசித்திருக்கிறது.

பொருள்தானா குற்றவாளி என்று உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. சாதனத்தின் மேல் ஆணுறை போட்டு, ஏற்கெனவே தேறிய ஜெல்லோடு இரண்டு தடவை பயன்படுத்திப் பாருங்கள். அரிப்பு நின்றால் பொருள்தான் காரணம். நிற்காவிட்டால் ஆணுறையின் லேடெக்ஸையே சந்தேகப்படுங்கள். பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ உங்களுக்குத் தடிக்குமா? தடிக்கும் என்றால் லேடெக்ஸ் இல்லாத பாலியூரித்தேன் ஆணுறை கிடைக்கிறது. ஆணுறையின் மேல் தடவியிருக்கும் ஜெல்லும் விந்தணுக்கொல்லியும்கூட எரிக்கலாம்.

இதற்கும் அசையாத அரிப்பு என்றால் குளியலறைக்குப் போங்கள். டெட்டால் கலந்த தண்ணீர், படிகாரம், வேப்பிலை கொதிக்கவைத்த நீர், மஞ்சள், நலுங்கு மாவு, "பெண்களுக்கென்றே" விற்கும் வாஷ் எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும், வெளியே மட்டும். இதைச் சொன்னால் "சுத்தம் வேண்டாமாக்கும்" என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். உள்ளே தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் இடம் அது. பாட்டி காலத்திலிருந்து போட்ட மஞ்சளை நான் நிறுத்திய மாதம்தான் காலண்டரில் முதல்முறையாக ஒரு வாரம் முழுக்கப் புள்ளி விழவில்லை.

"வாசல்ல பிளேடு வச்சுக் கீறுற மாதிரி"

இது என் சொந்த ஊர். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணாடியைக் கீழே வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஈரமாக்கிய பஞ்சுக் குச்சியால் வாசலின் ஓரத்தைக் கடிகாரம் போல நினைத்துத் தொட்டுப் பாருங்கள். மேலே 12 மணி. எங்கள் வகைக்குக் கீழ்ப்பக்கம், நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் பெரும்பாலும் சுருக்கென்று குத்தும். வெளி உதட்டில் ஒன்றும் இருக்காது. அப்படியானால் உங்களுக்கு உள்ளே போகும் சாதனம் இப்போது வேண்டாம். சுகம் வாசலைத் தாண்டித்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? மேலே, கிளிட்டோரிஸைச் சுற்றி, வாசலைத் தொடாமலே பயன்படுத்தும் சின்ன, தட்டையான, உள்ளங்கைக்குள் அடங்கும் சாதனங்கள் இருக்கின்றன. எனக்கு ஆகிவந்தது ஆற்றங்கரைக் கூழாங்கல் வடிவத்தில் ஒன்று.

வாங்கும்போது ஒட்டுவரையைப் பாருங்கள். அச்சில் வார்த்த பொருளின் இரண்டு பாதி சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்கும் சில சமயம் தெரியாது. எங்கள் அம்மாவின் பழைய பட்டுச் சேலையின் முந்தானை ஓரத்தில் கிழிந்த துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். புதுப் பொருள் வந்தால், கழுவித் துடைத்து, அந்தத் துண்டை அதன் மேல் எல்லாப் பக்கமும் மெதுவாக இழுப்பேன். எங்காவது ஓர் இழை மாட்டி இழுபட்டால் அந்த இடம் என் தோலையும் இழுக்கும். அப்படி நல்ல பெயருள்ள பொருள் ஒன்றையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சார்ஜ் செய்யும் துளையைச் சுற்றியும், பட்டன் முடியும் விளிம்பிலும் இழுத்துப் பார்க்க மறக்காதீர்கள். புடைப்பு, வரி, முத்து முத்தான வேலைப்பாடு எல்லாம் மற்றவர்களுக்கு. நமக்கு மொழுமொழுவென்று இருந்தால் போதும்.

நகத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதனத்தைக் குற்றம் சொல்லி ஆறு மாதம் அலைந்த ஒரு தோழிக்குக் கடைசியில் கீறியது அவள் நகம்.

"உள்ளே போகவே மாட்டேங்குது, சுவர்ல முட்டுற மாதிரி"

சுவர் இல்லை. இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. கண்ணுக்கு நேரே கை வந்தால் இமை மூடுகிறதே, அப்படி. மனசு சரி என்றாலும் தசை கேட்காது. வஜைனிஸ்மஸ் என்பார்கள். முதலிரவில் "ஒத்துழைக்கவில்லை" என்று திட்டு வாங்கிய பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

இதற்கு வைப்ரேட்டர் அல்ல, டைலேட்டர் செட்தான் வேண்டும்: சுண்டு விரலைவிட மெலிதில் ஆரம்பித்து, படிப்படியாகப் பருமன் கூடும். இந்த வேலைக்கு மெதுவான சிலிக்கோன் நல்லது, கெட்டிப் பிளாஸ்டிக் பலருக்குக் குத்துகிறது. முடிந்தால் இடுப்புத் தளத்துக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மதுரையில் கேட்டு விசாரிக்க வேண்டியிருக்கும். நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் பார்ப்பவர்களும் உண்டு.

முதல் அளவை வாசலில் வைத்து, தள்ளாமல், மூச்சை வயிறு உப்ப இழுத்து மெதுவாக விடுங்கள். மூச்சு உள்ளே போகும்போதுதான் தசை இறங்கித் தளர்கிறது. சிரமப்படாமல் போனால் போகட்டும், இல்லாவிட்டால் வைத்திருப்பதோடு அன்றைய வேலை முடிந்தது. பத்து நிமிஷம் போதும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் ஒரு அளவு கீழே வாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினால் தசைக்குப் பயம் கூடும், அடுத்த நாள் இன்னும் இறுகும். ஒரே அளவில் ஒரு மாதம் நிற்பது தோல்வி இல்லை.

"அதிர்வு தாங்கலை" அல்லது "கொஞ்ச நேரத்துல மரத்துப்போகுது"

அதிர்வில் இரண்டு சாதி. கொசுவின் ரீங்காரம் போல மேல்தோலில் கூசுவது ஒன்று. தவில் அடிக்கும்போது பக்கத்து மரப்பெஞ்சில் உணர்வோமே, அப்படி ஆழமாக உறுமுவது இன்னொன்று. மலிவான, சின்ன பட்டன் பேட்டரி போட்டவை பெரும்பாலும் முதல் வகை. கூச்சமுள்ள தோலுக்கு இரண்டாவதுதான் ஆகும். கடைசி வேகம் எவ்வளவு என்று விளம்பரம் பேசும். நாம் பார்க்க வேண்டியது முதல் வேகம் எவ்வளவு மெது என்பதை. காற்றழுத்தத்தில் உறிஞ்சும் சாதனங்கள் இப்போது நிறைய விற்கின்றன. அவை நேராகக் கிளிட்டோரிஸின் மேல் வேலை செய்வதால் நம் போன்றவர்களுக்கு முதல் சாதனமாக நான் சொல்வதில்லை.

பருத்தித் துணி மடிப்பின் மேல் வைத்துப் பாருங்கள். துவைத்துத் துவைத்து நைந்த சுங்குடிச் சேலைத் துண்டு இதற்கு அருமை. தாங்க முடிந்தால் மறுவாரம் ஒரு மடிப்பைக் குறைக்கலாம். மரத்துப்போவது அந்த நேரத்துக்குத்தான், நிறுத்தினால் மீளும். "நிரந்தரமாகக் கெட்டுப்போகும்" என்று பயமுறுத்துவோர் உண்டு. அமெரிக்காவில் 2009-ல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், வைப்ரேட்டர் பயன்படுத்திய பெண்களில் 71.5 விழுக்காட்டினர் ஒரு தொந்தரவும் வந்ததில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மறுநாளும் உணர்வு வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"வறண்டு கிடக்கு, நடந்தாலே உரசுது"

எங்கள் மதினிக்கு ஐம்பத்திரண்டு. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம். போன தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது, பாத்திரம் விளக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"ஏ புள்ள, நீ என்னமோ இதுக்கெல்லாம் படிச்சு வச்சிருக்கியாமே."

"கூச்சப்படாமச் சொல்லுங்க மதினி. நடக்கும்போது எரியுதா, ஒண்ணுக்குப் போகும்போதா?"

"ரெண்டுலயுந்தான். மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. உங்க அண்ணன் பக்கத்துல வந்து படுத்தாலே எனக்குப் பயமா இருக்கு. அவுகளுக்கு நான் கோவமா இருக்கேன்னு நெனப்பு."

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்தால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறளும், சிறுநீர்ப் பாதையும் சேர்ந்து எரியும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதே நிலை தற்காலிகமாக வரும். இருபத்தைந்து வயதில் வந்தால் யாரும் நம்புவதில்லை. இதற்கு எந்தச் சாதனத்தை மாற்றியும் பயனில்லை, முதலில் தோல் தேற வேண்டும். குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமை உள்ளே வைக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தருவார். வேலை செய்யச் சில வாரம் ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கூடவே யோனிக்கென்று விற்கும் மாய்ஸ்சரைசரை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அது தினசரித் தோலுக்கு, ஜெல் அந்த நேரத்துக்கு; ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

மதினி மருந்து தொடங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் சாதனம் பற்றிப் பேசினோம். சின்னதாக, மெதுவான சிலிக்கோனில், வெளியே மட்டும். பயன்படுத்துமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு வைக்கச் சொன்னேன், ஜில்லென்று பட்டாலே தசை இறுகும். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஆடிக்கு வந்தபோது, "அவுகளும் படிச்சாக, நீ எழுதிக் குடுத்த தாளை" என்று மட்டும் சொன்னார்.

வாங்குவது

நம் ஊரில் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவது லேசில் நடக்காது, பெரும்பாலும் இணையத்தில்தான். "பர்சனல் மசாஜர்" என்ற பெயரில் வரும். ஆபாசப் பொருள் பற்றிய சட்டப் பிரிவைக் காட்டிச் சுங்கத்துறை பிடித்துவைத்த வழக்குகள் உண்டு. பாடி மசாஜர் என்ற பொருளையே ஆபாசம் என்று தடுக்க முடியாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2024-ல் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைவிட, இங்கேயே பில் போட்டு அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கும், பில்லில் என்ன பெயர் வரும், உறை பிரித்தபின் பழுது என்றால் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். வரும் பார்சலை மாமியார் வாங்கிவைக்கும் வீடு என்றால் அலுவலக முகவரி நல்லது.

"மாசத்துக்கு ஒரு தடவை தொற்று வந்துருது"

கழுவுவதிலும் காயவைப்பதிலும் பாருங்கள். மோட்டார் இல்லாத சிலிக்கோன், எவர்சில்வர் பொருளை ஐந்து நிமிஷம் கொதிக்க வைக்கலாம். அதற்கென்று ஒரு சின்னப் பாத்திரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் உள்ளதை வாசனையில்லாத மென்மையான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சோப்பு கொஞ்சமும் தங்காமல் அலச வேண்டும். ஒட்டிய சோப்பே அடுத்த தடவை எரிக்கும். எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பு; காய்ந்தால் எவர்சில்வர் குடத்தில் வெள்ளைப் படலம் நிற்கிறதே, அது சாதனத்திலும் நின்று சொரசொரக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் எடுங்கள்.

பின்வழியில் பட்டது கழுவாமல் முன்வழிக்கு வரவே கூடாது. இன்னொருவரோடு பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு புது ஆணுறை. முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுங்கள். தொற்று இருக்கும்போது பயன்படுத்திய நுண்துளைப் பொருளை மருந்து முடிந்தபின் திரும்ப எடுத்தால் பழைய தொற்றும் திரும்ப வரலாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் செலவு குறைவு.

ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் ஈரம் ஏறும். பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். முழுக்கக் காய்ந்தபின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பருத்தியில் சுருக்குப் பை. ஜெல்லிப் பொருளும் சிலிக்கோனும் ஒட்டிக் கிடந்தால் ஒன்றை ஒன்று உருக்கிவிடும். மதினிக்கும் எனக்கும் நானே தைத்தேன், அந்த நைந்த சுங்குடியில் மிச்சமிருந்த துணியில். அவருடையது அரக்கு, என்னுடையது பச்சை.